மிதித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்: நாகசாகியில் ஒருநாள் வழிகாட்டிச் சுற்று

ஜப்பானில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்ட காலத்தில் மறைந்து வாழ்ந்த விசுவாசிகளின் இடங்களைக் காட்டும் சுற்று இது. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 16,500 யென். காலை எட்டரைக்கு நாகசாகி ரயில் நிலைய வாசலில் வேனில் ஏற்றிக்கொண்டு மாலை ஐந்தரைக்கு அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். மதியச் சாப்பாடு அதில் அடக்கம். நுழைவுச்சீட்டு நம் செலவு: நிஷிசாகா அருங்காட்சியகத்துக்கு 500 யென், ஓவுரா பேராலயத்துக்கு 1,000 யென். வேனில் எட்டுப் பேர் உட்காரலாம். நாங்கள் போன அன்று ஐந்து பேர்தான். நடத்துவது ஒரு சின்ன நிறுவனம். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

நான் சுற்றிப் பார்க்கப் போனவள் இல்லை. ஒரு கேள்வியோடு போனேன். பங்கில் 22 வருடமாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் உறுதிபூசுதல் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை எழுந்து, "டீச்சர், சட்டம் போட்டுக் கோவிலையெல்லாம் மூடிட்டு, சாமியாருங்களையெல்லாம் அனுப்பிட்டா நம்ம விசுவாசம் நிக்குமா?" என்று கேட்டாள். "நிக்கும்மா. வேதசாட்சிகளின் இரத்தம் திருச்சபையின் வித்து" என்றேன். எனக்குச் சொல்லித் தந்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அவள் உட்காரவில்லை. "எந்த ஊர்ல நின்னுச்சு டீச்சர்? எத்தனை பேர் நின்னாங்க?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஃபுகுவோகாவில் வேலை பார்க்கும் மகனிடம் போனில் இதைச் சொன்னபோது, "அம்மா, உன் கேள்விக்கு இங்க ஒரு ஊரே இருக்கு, வா" என்றான். அவன்தான் இந்தச் சுற்றைப் பதிவு செய்தான்.

வழிகாட்டி எழுபது வயதைத் தாண்டியவர். நடுநிலைப் பள்ளியில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். மகன் அவரை "சென்செய்" என்றான், நான் ஐயா என்றே கூப்பிட்டேன். என்னை அவர் "ஒகாசான்", அதாவது அம்மா என்று அழைத்தார். மெதுவான ஆங்கிலத்தில் பேசினார். மனதுக்கு நெருக்கமான இடம் வந்தால் ஜப்பானியத்துக்கு மாறிவிடுவார், மகன் தமிழில் சொல்வான். அப்பா வழி உராகாமி, அம்மா வழி சொதோமே. இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இடம் நிஷிசாகா குன்று. நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், கொஞ்சம் ஏற்றம். 1597 பிப்ரவரி 5 அன்று 26 கிறிஸ்தவர்களை இங்கே சிலுவையில் அறைந்தார்கள். கியோத்தோவில் காது மடலை அறுத்து, கடுங்குளிரில் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் நடத்திக் கொண்டுவந்தார்கள். பயம் பரவட்டும் என்பதற்காகத்தான் அந்த நடை. நினைவுச்சின்னம் 1962இல் வைத்தது. 26 வெண்கல உருவங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. நிற்கின்றன என்று சொல்வதுகூடச் சரியில்லை, ஒருவர் காலும் தரையில் ஊன்றவில்லை, அப்படியே தொங்குகின்றன. அவர்களில் லூயிசுக்கு 12 வயது, அந்தோனிக்கு 13. என் வகுப்புப் பிள்ளைகளின் வயது. கோன்சாலோ கார்சியா மும்பைக்குப் பக்கத்தில் வசாயில் பிறந்தவர், நம் மண்ணில் பிறந்து புனிதர் ஆனவர்களில் முதலாமவர். அவர் உருவத்தின் கீழே நின்று ஒரு பரலோக மந்திரம் சொன்னேன்.

இந்த நிறுத்தத்துக்கு நேரம் தாராளமாகக் கொடுத்தார்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல். அருங்காட்சியகமும் நன்றாக இருக்கிறது. இங்கேதான் மனதில் முதல் முள் தைத்தது. பதிவு செய்தவர்களுக்குத் தரும் கையேட்டில் இந்த 26 பேரும், 1622இல் இதே குன்றில் ஒரே நாளில் கொல்லப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களும் இருக்கிறார்கள். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் நேராக 1865க்குத் தாவிவிடுகிறது. இடையில் இருநூறு வருடத்துக்கு மேல் போயிருக்கிறதே, அந்தக் காலத்தில் என்ன நடந்தது? விதை விழுந்தது, முளைத்தது என்கிற மாதிரி எழுதிவிட்டார்கள். நான் வகுப்பில் சொன்ன அதே பதில்.

ஐயாவிடம் கேட்டேன். கையேட்டை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "ஒகாசான், இரத்தம் சிந்தியவர்களுக்குப் பிறகு இங்கே பயிர் முளைக்கவில்லை. ஏறக்குறைய அழிந்துபோயிற்று" என்றார். வேனில் போகப் போக அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பொருள்.

சவேரியார் 1549இல் ககோஷிமாவில் இறங்கினார். அதற்கு ஏழு வருடம் முன்பு அவர் நம் முத்துக்குளித்துறையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்வித்துக்கொண்டிருந்தவர். அறுபது, எழுபது வருடத்தில் ஜப்பானில் மூன்று லட்சம் பேர்வரை கிறிஸ்தவர்கள். சிற்றரசர்களும் ஞானஸ்நானம் வாங்கினார்கள். 1614இல் நாடு முழுவதும் தடை வந்தது. சிற்றரசர்கள் பெரும்பாலும் முதலிலேயே நழுவிவிட்டார்கள். கிறிஸ்தவ அரசர் என்று பேர் வாங்கிய ஓமுராவின் வம்சமே பிறகு வேட்டையாடுகிற பக்கம் போனது.

அடக்குமுறை என்றால் வாளும் நெருப்பும் என்றே நினைத்திருந்தேன். அதைவிடக் கொடியது காகிதம் என்று அவர் விளக்கினார். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த ஆலயத்தில் பெயர் பதிய வேண்டும். பிறப்பு, திருமணம், சாவு எல்லாவற்றுக்கும் ஆலயத்தின் சான்று வேண்டும். ஐந்து வீடுகளைச் சேர்த்து ஒரு கட்டு. ஒரு வீட்டில் கிறிஸ்தவன் பிடிபட்டால் ஐந்து வீட்டுக்கும் தண்டனை. காட்டிக்கொடுப்பவருக்கு வெகுமதி என்று ஊர்தோறும் பலகை நட்டார்கள். ஒரு குருவானவரைக் காட்டிக்கொடுத்தால் 500 வெள்ளிக்காசுவரை. இன்னொன்றையும் சொன்னார். வேதசாட்சிகளை உண்டாக்குவது தங்களுக்கு நஷ்டம் என்று அதிகாரிகளே கண்டுகொண்டார்களாம். கொன்றால் கூட்டம் கூடிச் செபம் பாடுகிறது. அதனால் மறுதலிக்க வைப்பதுதான் வேலை என்று மாற்றிக்கொண்டார்கள். குழியில் தலைகீழாகத் தொங்கவிடுவது அதற்கென்று உண்டான வதை. 1633இல் ஜப்பானில் இயேசு சபையின் தலைவராக இருந்த ஃபெரேராவே அதில் சில மணி நேரத்தில் மறுதலித்தார், பிறகு ஜப்பானியப் பெயர் வைத்துக்கொண்டு அவர்களுக்கு வேலையும் செய்தார். 1637இல் ஷிமாபாராவில் வரிக்கொடுமை தாங்காமல் கலகம் செய்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், அவர்களும் அழிக்கப்பட்டார்கள். 1644இல் நாட்டுக்குள் இருந்த கடைசிக் குருவானவரும் கொல்லப்பட்டார்.

அதற்குப் பிறகு பூசை இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை. நற்கருணை இல்லை. கையில் வேதாகமம் இல்லை. 1865 வரை எண்ணினால் 221 வருடம்.

இங்கே ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். பதிவுப் பக்கத்தில், கலகக்காரர்கள் கடைசியாக நின்ற ஷிமாபாராவின் ஹாரா கோட்டையும் உண்டு என்று போட்டிருந்தார்கள். அன்று காலை வேனில் ஏறிய பிறகுதான் "நேரம் போதாது, அது இல்லை" என்றார்கள். அது எதிர்த் திசையில் வெகுதூரம், ஒருநாள் சுற்றில் அடங்கவே அடங்காது என்று ஐயாவே ஒப்புக்கொண்டார். அடங்காததை எதற்கு எழுதி வைக்க வேண்டும்? வேனில் இருந்த ஒருவர் அதற்காகவே வந்தவர். அவர் முகம் வாடிப்போனதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. காசைத் திருப்புவதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

இரண்டாவது இடம் ஓவுரா பேராலயம். இருபுறமும் கடைகள் நிறைந்த ஏற்றம், பிறகு படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டுபோங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அது நல்லதாகவே போயிற்று, எல்லாரும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். பாரிஸ் வேதபோதக சபையின் குருக்கள் வெளிநாட்டு வணிகர்களுக்காகக் கட்டிய கோவில் இது. நம் புதுச்சேரிப் பக்கம் கோவில் கட்டியதும் அதே சபைதான். ஜப்பானியருக்குத் தடை அப்போதும் இருந்தது. 1865 பிப்ரவரியில் கோவில் திறந்தது. மார்ச் 17 அன்று உராகாமியிலிருந்து பதினைந்து பேர் போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி உள்ளே வந்தார்கள். பெத்திஜான் குருவானவர் பீடத்தின் முன் செபித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் அவர் அருகில் போய், "எங்கள் எல்லாருடைய நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றே" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "சாந்தா மரியா சுரூபம் எங்கே?" என்று கேட்டாள். அந்தச் சுரூபம் இன்றும் அங்கேயே இருக்கிறது, வலப்பக்கத்துப் பீடத்தில். அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றேன், நேரமாயிற்று என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதற்காகவே இந்த ஐயாவுக்கு நன்றி.

அந்தக் கதை எனக்கு முன்பே தெரியும். தெரியாத ஒன்றை ஐயா சொன்னார். வந்தவர்கள் குருவானவரிடம், "இது துயரத்தின் காலம், இன்று பதினேழாம் நாள்" என்றார்களாம். அந்த வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 1. எண்ணிப் பாருங்கள், தவக்காலத்தின் பதினேழாம் நாள்தான். குருவானவர் இல்லை, புத்தகம் இல்லை, மணியோசை இல்லை, ஆறேழு தலைமுறை போய்விட்டது, ஆனால் நாள் தப்பவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மகன் பதறிப்போய், "அம்மா, உட்காருறியா?" என்று கேட்டான்.

எப்படித் தப்பாமல் இருந்தது? அதற்கு ஆள் வைத்திருந்தார்கள். ஊருக்கு ஒரு சோகாத்தா, நாட்கணக்கை வைத்திருப்பவர். பஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியார் விட்டுப்போன 1634ஆம் வருடத்து நாட்காட்டியை வைத்து, எந்த நாள் திருநாள், எந்த நாள் ஒருசந்தி என்று கணித்துச் சொல்வார். மிசுகாத்தா என்பவர் குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பவர். கிக்கியாகு வீடு வீடாகப் போய் இன்ன நாள் என்று சொல்லி வருபவர். மூன்று பேரும் விவசாயிகள், மீனவர்கள். குருவானவர் இல்லாவிட்டால் அவசரத்துக்கு ஞானஸ்நானத்தை யாரும் கொடுக்கலாம் என்று நானே வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இந்த மக்கள் இருநூறு வருடம் வாழ்ந்திருக்கிறார்கள்.

ஓவுராவிலிருந்து சொதோமேக்கு வேனில் முக்கால் மணி நேரம். கடலோரச் சாலை, ஒரு பக்கம் மலை. தெ ரோ என்ற பிரெஞ்சுக் குருவானவர் 1882இல் கட்டிய ஷித்சு கோவிலும், ஊர்ப் பெண்களுக்கு நெசவும் சேமியா செய்வதும் கற்றுத்தந்த அவருடைய கூடமும் இங்கே இருக்கின்றன. மதியம் அந்தச் சேமியாவைத்தான் தந்தார்கள், சூடான சாறில். வயிற்றுக்கு இதமாக இருந்தது, சாப்பாட்டைப் பற்றி அவ்வளவுதான். முக்கியம் அதற்கு மேலே காட்டுக்குள் இருக்கிறது.

கரெமாத்சு என்று ஒரு சின்னக் கோயில். பார்த்தால் ஷிந்தோ கோயில் போலவே இருக்கும். உள்ளே வணங்கப்படுகிறவர் சான் ஜுவான், பஸ்தியானின் குரு என்று சொல்லப்படுகிற பாதிரியார். ஏறும் வழியில் ஒரு பெரிய பாறை. தவக்காலத்து இரவுகளில் இந்தப் பாறை நிழலில் கூடி, ஒராஷோ என்று அவர்கள் அழைக்கிற செபங்களைப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுப்பார்களாம். லத்தீனும் போர்த்துகீசியமும் ஜப்பானியமும் கலந்தவை. பொருள் மறந்துபோயிற்று, ஓசை நின்றது. 'ஓ குளோரியோசா' என்கிற மாதா பாட்டு தேய்ந்து 'குருயோசா' ஆகியிருக்கிறது. என் பாட்டி 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று அர்த்தம் கேட்காமல் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

அந்தப் பாறை அருகில்தான் ஃபுமிஎ பற்றிக் கேட்டேன். நிஷிசாகாவில் அதைப் பார்த்திருந்தோம், இயேசுவின் பாடுகளோ மாதாவோ பதித்த பலகை. 1669இல் வெண்கலத்தில் இருபது வார்த்தார்கள். மிஞ்சியவை இப்போது தோக்கியோவில் இருக்கின்றன. நாகசாகியில் ஒவ்வொரு புத்தாண்டிலும் ஊரிலுள்ள எல்லாரும், குழந்தை முதல் கிழவர் வரை, அதை மிதிக்க வேண்டும். மிதித்து மிதித்து அந்த முகங்கள் வழவழவென்று தேய்ந்துபோயிருக்கும். 1857 வாக்கில்தான் அது நின்றது.

"உங்கள் குடும்பம் மிதிக்கவில்லையா ஐயா?" என்று கேட்டேன். கேட்டபோது என் மனதில் ஒரு பதில் தயாராக இருந்தது. அவர்கள் மறுத்தார்கள் என்றோ தப்பி ஓடினார்கள் என்றோ அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"மிதித்தார்கள். ஒவ்வொரு வருடமும் மிதித்தார்கள். மிதிக்காதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை, ஒகாசான். என் கொள்ளுப்பாட்டியின் அம்மா மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு கொன்சிரிசான் சொன்னாள்" என்றார்.

மகனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. ஐயா விளக்க விளக்க எனக்குப் புரிந்தது. போர்த்துகீசியத்தில் இருந்து வந்த சொல். நாம் சொல்லும் உத்தம மனஸ்தாபம். குருவானவரே இல்லாத இடத்தில், தேவனை நேசித்த நேசத்தாலே மனம் நொந்து அழுதால், வாய்ப்பு வரும்போது பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற கருத்தோடு அழுதால், பாவம் மன்னிக்கப்படும் என்ற போதனை. தடை வருவதற்குப் பத்துப் பதினோரு வருடம் முன்பே, 1603இல், இதை விளக்கி ஜப்பானியத்தில் சிறு நூல் ஒன்று வந்துவிட்டது. புத்தகம் போன பிறகும் கையெழுத்துப் படியாகவும் மனப்பாடமாகவும் ஊர் ஊராக அது நடந்தது. அந்த ஒரு செபம் இல்லாவிட்டால், முதல் வருடம் மிதித்த அன்றே "இனி நான் கிறிஸ்தவள் இல்லை" என்று அந்த அம்மாள் முடிவு செய்திருப்பாள். தன் பிள்ளைக்கு எதையும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாள்.

நான் அந்தப் பாறைமேல் கை வைத்துக்கொண்டு, "என் சர்வேசுரா சுவாமி" என்று தொடங்கி உத்தம மனஸ்தாபத்தைத் தமிழில் முழுக்கச் சொன்னேன். ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் அவர் ஜப்பானியத்தில் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். மற்ற மூன்று பேரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

இறங்கி வரும்போது அவர் இன்னும் இரண்டு செய்திகள் சொன்னார். ஒன்று, இந்தப் பக்கத்தில் ஒரு பௌத்த ஆலயம் இவர்கள் யார் என்று தெரிந்தே தன் பதிவேட்டில் சேர்த்துக் காப்பாற்றியது. இவர்கள் வீட்டுச் சாவுக்குத் துறவி வந்து சூத்திரம் ஓதுவார், பக்கத்து அறையில் உறவினர் அந்த ஓதலை அழிக்கும் செபத்தைச் சொல்வார்கள். தடை நீங்கிய பிறகும் அந்த நன்றிக்காக ஆலயத்தை விட்டுப் போகாத குடும்பங்கள் உண்டு. மற்றொன்று, 1805இல் அமாகுசாத் தீவில் ஐயாயிரம் பேருக்கு மேல் ஒரேயடியாகப் பிடிபட்டார்கள். அதிகாரிகள் விசாரித்துவிட்டு, இது கிறிஸ்தவம் இல்லை, ஏதோ தவறான பழக்கம் என்று எழுதிவைத்து, எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். ஒழுங்காக வரி கட்டுகிற ஐயாயிரம் உழவர்களைக் கொன்றால் வயலை யார் உழுவது? ஆக, கண்டும் காணாமல் விட்டவர்களுக்கும் இவர்கள் பிழைத்ததில் பங்கு உண்டு. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தேவன் அப்படிப்பட்டவர்கள் கையையும் பயன்படுத்தியிருக்கிறார் என்றே நம்புகிறேன்.

கடைசி இடம் உராகாமி. அங்கே 25 நிமிடம்தான் கொடுத்தார்கள். இந்தச் சுற்றின் பெரிய தவறு அதுதான், ஐந்தில் ஒரு நட்சத்திரத்தை அதற்காகவே குறைக்கிறேன். ஹாரா கோட்டையைப் போட்டு ஏமாற்றியதற்கு அரை நட்சத்திரம். பேராலயத்தைச் சுற்றி நடக்கவே 25 நிமிடம் ஆகும். ஐயா பேசியதைக் கேட்டுக்கொண்டே ஓடவேண்டியிருந்தது.

1865இல் ஓவுராவுக்கு வந்து தங்களை வெளிப்படுத்திக்கொண்டவர்கள் இந்த ஊர்க்காரர்கள். தடை நீங்கவில்லை, அதனால் 1867இல் கைது. வதைத்தபோது ஏறக்குறைய எல்லாரும் மறுதலித்தார்கள். தக்காகி செனெமோன் ஒருவர் மட்டும் அசையவில்லை. மறுதலித்தவர்கள் வீடு திரும்பினார்கள், நெஞ்சு பொறுக்கவில்லை, கொஞ்ச நாளில் ஊர்த்தலைவரிடமே போய், "நாங்கள் சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம்" என்றார்கள். திரும்பவும் பிடிபடுவோம் என்று தெரிந்துதான். 1868 தொடங்கி ஊரிலிருந்த 3,394 பேரையும் பல மாகாணங்களுக்கு நாடு கடத்தினார்கள். 600க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேர் பசியிலும் குளிரிலும் மறுதலித்தார்கள். ஐயாவின் கொள்ளுப்பாட்டி குழந்தையாக அந்தக் கூட்டத்தில் போனவள். உராகாமியில் அதை 'பயணம்' என்றுதான் சொல்வார்களாம். 1873இல் தடைப் பலகைகளை எடுத்தார்கள். திரும்பி வந்தவர்கள் தலைவர் வீட்டு நிலத்தையே விலைக்கு வாங்கினார்கள். வருடாவருடம் இவர்கள் ஃபுமிஎ மிதித்த இடம் அது. அதன்மேல் கோவில் கட்டத் தொடங்கி 1914இல் முடித்தார்கள்.

1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு இந்தப் பள்ளத்தாக்கின்மேல் விழுந்தது. உராகாமியில் இருந்த 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர்போல இறந்தார்கள். ஐயா போருக்குப் பிறகு பிறந்தவர். அப்பா வழியில் தனக்குப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று யாரும் இல்லை என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. வாசலில் கருகிய கல் சுரூபங்கள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே பக்கச் சிற்றாலயத்தில் எரிந்துபோன மாதா சுரூபத்தின் தலை, கண் இருந்த இடத்தில் குழிகள். 1959இல் திரும்பக் கட்டிய கோவிலில் மாலைப் பூசைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வேன் கிளம்பிவிட்டது.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் நிலையத்தில் ஐயாவுக்கு ஒரு காபி வாங்கிக்கொடுத்து, கடைசியாக ஒன்று கேட்டேன். கையேட்டில் இல்லாத இன்னொரு கூட்டம் இருக்கிறதே, 1873க்குப் பிறகும் கோவிலுக்குத் திரும்பாதவர்கள், அவர்களைப் பற்றிக் கேட்டேன். மறைந்து வாழ்ந்தவர்களில் பலர் திரும்பவில்லை. இக்கித்சுகி தீவில் பெரும்பாலோர் கோவிலில் சேராமல் தனியாகவே இருந்துவிட்டார்கள். அவருடைய அம்மா வழி உறவிலும் உண்டு. "அவர்களுக்கு விசுவாசம் என்றால் தாத்தா பாட்டி மறைத்துக் காப்பாற்றிய அந்தச் சடங்குதான். கோவிலில் கேட்ட புதிய செபங்கள் அவர்கள் பாட்டியின் செபமாக இல்லை" என்றார். இளைஞர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள், ஒராஷோ சொல்ல ஆளில்லாமல் ஒவ்வொரு குழுவாகக் கலைந்து வருகிறது. சட்டமும் வாளும் சேர்ந்து 250 வருடத்தில் அழிக்க முடியாததை, யாரும் தடுக்காத இந்தக் காலம் இரண்டு, மூன்று தலைமுறையில் கரைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அது நிஷிசாகாவைவிட வலித்தது.

போகிறவர்களுக்கு: இருவராகப் போனால் தனி வண்டி கிடைக்குமா என்று கேட்டுப்பாருங்கள், உராகாமிக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். கையேட்டை நம்பாதீர்கள், வழிகாட்டியிடம் கேளுங்கள். கரெமாத்சு ஏற்றத்துக்கு வழுக்காத செருப்பு வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில், கத்தோலிக்கரும் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் வழிவந்தவர்களும் பௌத்தர்களும் அங்கே ஒன்றாகக் கூடிச் செபிக்கிறார்கள். அதைப் பார்க்க அடுத்த முறை போகவேண்டும் என்று மகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நட்சத்திரம் ஐந்துக்கு மூன்றரை, வழிகாட்டிக்கு மட்டும் என்றால் ஐந்து.

மனப்பாடச் செபங்களைக் கட்டாயப்படுத்துவதை நான்கு வருடமாக வகுப்பில் நிறுத்தியிருந்தேன், பிள்ளைகளுக்குச் சுமை என்று. அந்தப் பெண் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க உத்தம மனஸ்தாபத்தை என் கையால் இரண்டு படி எடுத்துவிட்டேன். வரும் ஞாயிறு வகுப்பில் அந்தப் பாறையின் படத்தோடு அதைக் கொடுத்து, அவள் கேட்ட "எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு, மறுதலித்த ஆயிரம் பேரில் தொடங்கிப் பதில் சொல்லப் போகிறேன்.